மிசிர் வொட் கசக்குது, பச்சை வாடையும் போகல. பிழை எங்கே?

கீரைக்கட்டு:
எத்தியோப்பிய மிசிர் வொட் (காரமான மைசூர் பருப்புக் குழம்பு) பற்றி ஒரு சந்தேகம். போட்ட அளவு இது: மைசூர் பருப்பு 250 கிராம், பெரிய வெங்காயம் 1, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடையில் வாங்கின பெர்பெரே (அங்கத்து மிளகாய் மசாலா) பொடி 3 மேசைக்கரண்டி, தக்காளி 2, இஞ்சி பூண்டு விழுது. எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், அது பொன்னிறமானதும் பெர்பெரே, அரை நிமிஷம் கிளறி தக்காளி, பருப்பு, தண்ணி, குக்கரில் 3 விசில். நிறம் செங்கல் மாதிரி, ருசி கசப்பு, அதோட தொண்டையில் பச்சை மிளகாய்த்தூள் கமறலும் இருக்கு. கருகினதும் வேகாததும் ஒரே சட்டியில் எப்படி வரும்?

மண்சட்டி:
வரும். காய்ந்த எண்ணெயில் பொடி விழும்போது அடியில் படுகிற பங்கு சில நொடியிலேயே கருகும், மிளகாயில் சர்க்கரை இருப்பதால். கருகிடுமோன்னு பயந்து உடனே தக்காளியும் தண்ணியும் ஊற்றினதும், மேலே இருந்த பங்கு எண்ணெயில் வதங்காமலே குழம்பில் மூழ்கிடும். முதல் பங்கு கசப்பு, இரண்டாவது பங்கு கமறல். அதுக்கப்புறம் எத்தனை விசில் விட்டாலும் அது சரியாகாது. மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில்தான் கரையும், வெறும் தண்ணியில் கொதிச்சா இறங்காது.

வொட் என்பது பருப்பைத் தாளிக்கிற சமையல் இல்லை. முதலில் வெங்காயமும் பெர்பெரேயும் எண்ணெயும் சேர்ந்து ஒரு கெட்டித் தொக்கு ஆகணும், அதுக்கு அங்கே குலெட் என்று பேர். பருப்போ, கோழியோ, மாட்டிறைச்சியோ அதுக்குள் போகிற பொருள், அவ்வளவுதான். உங்க செய்முறையில் குலெட்டே இல்லை. 1 வெங்காயத்தில் அது உருவாகவும் முடியாது.

4 பேருக்கு அளவு:

மைசூர் பருப்பு 250 கிராம்
சிவப்புப் பெரிய வெங்காயம் 500 கிராம் (தோல் நீக்கின எடை)
எண்ணெய் 80 மில்லி
பெர்பெரே 3 மேசைக்கரண்டி, காரம் குறைவா வேணும்னா 2
பூண்டு 8 பல், இஞ்சி ஒரு அங்குலம், இரண்டும் நசுக்கினது
வெந்நீர் மொத்தம் ஏறக்குறைய 1 லிட்டர்
உப்பு கடைசியில்

வெங்காயத்தை முடிஞ்ச அளவு பொடியா நறுக்குங்க. மிக்ஸியில் போட்டா விட்டு விட்டு 4, 5 சுற்று மட்டும். விழுதா அரைச்சா பச்சை வெங்காய நெடி கடைசி வரை போகாது. அடிகனமான சட்டியில் எண்ணெய் இல்லாமல் வெங்காயத்தை மட்டும் போட்டு, சிறு தீயைவிடக் கொஞ்சம் கூடுதல் தீயில், முதல் 5 நிமிஷம் மூடி வையுங்க. வெங்காயத்து நீரே வெளியே வரும். பிறகு திறந்து கிளறிக்கிட்டே 20 நிமிஷம். அடி பிடிச்சா ஒரு மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சு சுரண்டிக் கிளறுங்க. அளவு பாதிக்கும் கீழே வற்றி, ஒட்டுகிற கூழா, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு வரணும். பிரியாணிக்கு வறுக்கிற மாதிரி கருஞ்சிவப்பு வரைக்கும் போகக்கூடாது.

இப்போ எண்ணெய். 5 நிமிஷம் கழிச்சு பூண்டு, இஞ்சி. அது வாசம் வந்ததும் தீயைக் குறைச்சு, பெர்பெரேயையும் கால் கப் வெந்நீரையும் ஒன்றாகச் சேருங்க. தண்ணி இருக்கிற வரை சட்டியின் சூடு 100 டிகிரியை ரொம்பத் தாண்டாது, அதனால் பொடி கருகாது. வற்றினதும் 2 மேசைக்கரண்டி வெந்நீர், மறுபடி வற்றினதும் மறுபடி 2. இப்படி 15 நிமிஷம். முதலில் மூக்கில் ஏறுகிற நெடி, போகப்போக இனிப்பு கலந்த வாசமா மாறும். எண்ணெய் ஓரத்தில் செக்கச்செவேல்னு பிரிஞ்சு நிற்கும். அதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை.

கழுவின பருப்பைச் சேர்த்து 2 நிமிஷம் புரட்டி, மீதி வெந்நீரில் 800 மில்லி ஊற்றி, பாதி மூடி சிறு தீயில் 25 நிமிஷம். கடைசி 10 நிமிஷம் அடியை விடாமல் துழாவணும், பருப்பு கரைய ஆரம்பிச்சதும் அடி பிடிக்கும். உப்பு பார்த்து இறக்கி, மூடி 15 நிமிஷம் விட்டுப் பரிமாறுங்க.

உலைமூடி:
வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் வதக்குவதைக் கட்டாய விதி மாதிரி சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. முதலிலேயே எண்ணெய் ஊற்றிச் செய்கிற எத்தியோப்பிய வீடுகளும் உண்டு, அதுவும் வொட் தான்.

மண்சட்டி:
உண்டு. ஆனா விளைவு வேறே. எண்ணெய் முதலில் இருந்தா வெங்காயத் துண்டின் வெளிப்புறம் பொரிஞ்சு தோல் மாதிரி ஆகிடும், உள்ளே இருக்கிற நீர் மெதுவாத்தான் வெளியேறும். துண்டு துண்டாவே நிற்கும். எண்ணெய் இல்லாமல் போனா தன் நீரிலேயே வெந்து குழைஞ்சு, குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுக்கிறதே அந்த வெங்காயம்தான். மிசிர் வொட்டில் மாவோ தேங்காயோ முந்திரியோ கிடையாது என்பதை மறக்கக்கூடாது. அவசரம்னா எண்ணெய் முதலில் ஊற்றுங்க, ஆனா மூடி போட்டு 100 மில்லி தண்ணியோட 15 நிமிஷம் வேகவிட்டு அப்புறம் வதக்குங்க. குழைவு ஓரளவு கிடைக்கும்.

உலைமூடி:
அது சரி, ஒத்துக்கிறேன். சின்ன வெங்காயம் கிடைக்கிறவங்க பாதிக்குப் பாதி போடலாம். எத்தியோப்பியச் சந்தையில் விற்கிற சிவப்பு வெங்காயம் சிறுசு, நீர் குறைவு, காட்டம் அதிகம். பெரிய வெள்ளை வெங்காயத்தை மட்டும் போட்டா வற்றவும் நேரமாகும், குழம்பும் தித்திக்கும்.

நல்லெண்ணெய்:
தக்காளி போடலாமா கூடாதா? இணையத்தில் பாதிப்பேர் போடுறாங்க.

மண்சட்டி:
பழைய முறையில் இல்லை. இப்போ பலர் தக்காளி விழுது சேர்க்கிறாங்க. சேர்த்தா 1 மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், பெர்பெரே வெந்த பிறகு, 3 நிமிஷம் வதக்கி. 2 முழுத் தக்காளி போட்டால் ருசி மாறுவதைவிடப் பெரிய தொல்லை, புளிப்பில் பருப்பு சீக்கிரம் குழையாது.

திப்பிலி:
கடைப் பெர்பெரே பற்றி யாரும் சொல்லலையே. கசப்புக்கு அதுவும் காரணமா இருக்கலாம். பொட்டலத்தில் வெந்தயம் எத்தனாவது இடத்தில் எழுதியிருக்குன்னு பாருங்க. மிளகாய்க்கு அடுத்தே வெந்தயம் வந்தா கசப்பு உறுதி. உப்பும் பாருங்க, நிறைய பெர்பெரேயில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும்.

அடுத்தது சீரகம். எத்தியோப்பியாவுக்கு வெளியே விற்கிற பொடிகளில் சீரகம் தூக்கலா இருக்கும். இதுக்குப் பின்னால் ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பம் இருக்கு. அம்ஹாரிக்கில் திகுர் அஸ்முத், நெச் அஸ்முத் என்று இரண்டு. திகுர் கறுப்பு, நெச் வெள்ளை. ஆங்கிலத்தில் இரண்டையும் சீரகம் என்றே பல இடத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் திகுர் அஸ்முத் நம்ம கருஞ்சீரகம், நெச் அஸ்முத் நம்ம ஓமம். சீரகத்தைப் போட்டா வாசம் வடநாட்டுப் பருப்பு மாதிரி ஆகிடும். ஓமத்தைப் போட்டுப் பாருங்க, அந்த வித்தியாசம் அப்போ தெரியும்.

ஊரில் பெர்பெரே பெண்கள் சேர்ந்து பல நாள் செய்கிற வேலை. காய்ந்த மிளகாயைக் கொரகொரப்பா இடிச்சு, பச்சைப் பூண்டு, இஞ்சி, வெங்காயம், அருவதா, துளசி இனத்தைச் சேர்ந்த பெசோபெலா எல்லாம் இடிச்ச ஈர விழுதோட பிசைஞ்சு மூடி வைத்து, பிறகு வெயிலில் உலர்த்தி, வறுத்த வாசனைப் பொருளோட சேர்த்து மில்லில் அரைப்பாங்க. பூண்டு மிளகாயோடவே ஊறிக் காய்வதால் பொடிக்கு ஒரு ஆழம் வருது. வீட்டில் அவ்வளவு முடியாதவங்களுக்கு:

காம்பும் பெரும்பாலான விதையும் நீக்கின மிளகாய் 100 கிராம். இதில் 80 கிராம் காஷ்மீரி அல்லது பேடகி, 20 கிராம் குண்டு மிளகாய். கொத்தமல்லி 2 தேக்கரண்டி, ஓமம் 1½ தேக்கரண்டி, கருஞ்சீரகம் 1, மிளகு 1, வெந்தயம் ½, கிராம்பு 6, பட்டை ஒரு அங்குலம், திப்பிலி 3. சுக்குப்பொடி 1½ தேக்கரண்டி, பூண்டுப்பொடி 2, உப்பு 2. கொரரிமா விதை கிடைச்சா 2 தேக்கரண்டி. மிளகாயைத் தனியா, சிறு தீயில், மொறுமொறுப்பு வரும் வரை மட்டும். மற்றவற்றை வாசம் வரும் வரை. வெந்தயத்தைத் தனியா வறுங்க, அது சிவக்க விட்டா கசக்கும். ஆறின பிறகே அரைக்கணும், சலிக்கணும். கண்ணாடிப் பாட்டிலில் இருட்டில் வைத்தா 4, 5 மாசம் நல்லா இருக்கும், அதுக்கு மேல் நிறம் மங்கும்.

யாழ்_அடுக்களை:
கொரரிமா எண்டது ஏலக்காய் தானே? ஏலம் போட்டால் காணாதோ? மற்றது, எங்கட யாழ்ப்பாணக் கறித்தூள் வீட்டில எப்பவும் இருக்கு. அதையே பெர்பெரேக்குப் பதிலாப் போட்டால் என்ன?

திப்பிலி:
கொரரிமா இஞ்சிக் குடும்பம்தான், ஆனா ஏலக்காய் இல்லை, எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் வளர்கிற தனிச் செடி. காய் பெரிசு, உள்ளே பழுப்பு விதை, ஏலத்தின் குளிர்ச்சி குறைவு, ஒரு மண்வாசமும் மிளகுக் காட்டமும் உண்டு. இல்லாதபோது பச்சை ஏலக்காய் விதை 1 தேக்கரண்டியோட கால் ஜாதிக்காய் துருவிப் போடுங்க. கறுப்புப் பெரிய ஏலக்காய் வேண்டவே வேண்டாம், அதன் புகை வாசம் எல்லாவற்றையும் மூடிடும்.

கறித்தூள் விஷயம்: உங்க தூளில் கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் இருக்கும். பெர்பெரேயில் பாதிக்கும் மேல் மிளகாய்தான். கறித்தூளை 3 மேசைக்கரண்டி போட்டா அருமையான பருப்புக்கறி வரும், வொட் வராது. பெருஞ்சீரக வாசம்தான் முதலில் காட்டிக் கொடுக்கும். சாம்பார்ப் பொடிக்கும் இதே பதில், அதில் பருப்பு வேறு அரைச்சிருக்கு, அடி பிடிக்கும்.

யாழ்_அடுக்களை:
விளங்கிச்சு. அப்ப தாளிதமும் வேண்டாம் போல.

திப்பிலி:
வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை இரண்டும் வேண்டாம். இறக்கும்போது அங்கே தூவுவது மெகெலெஷா என்கிற வாசனைப்பொடி. கொரரிமா, திப்பிலி, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம், மிளகு. திப்பிலிக்கு அங்கே திமிஸ் என்று பேர். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிற திப்பிலியை வறுத்துப் பொடிச்சுப் போடலாம். 250 கிராம் பருப்புக்கு எல்லாம் சேர்ந்து அரைத் தேக்கரண்டி போதும். அதிகமானா கஷாயம் மாதிரி ஆகிடும்.

வெண்ணெய்த்தாழி:
எண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றினா ருசி கூடுமா? நிட்டர் கிப்பே என்று ஒரு நெய் சொல்றாங்களே.

மண்சட்டி:
ருசி கூடும், ஆனா எந்த நாளைக்குச் செய்றாங்க என்பது முக்கியம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நோன்பு இருக்கிறவங்க. ஈஸ்டருக்கு முன் 55 நாள் பெருநோன்பு. நோன்பில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. பருப்பு வொட்டுகள் இவ்வளவு வகையா வளர்ந்ததுக்கு அந்த நோன்பு நாள்களே காரணம். அதனால் மிசிர் வொட்டின் இயல்பான வடிவம் எண்ணெயில்தான். நூக் என்கிற எண்ணெய் பழைய வழக்கம், அது நம்ம பேயெள்ளு எண்ணெய். கிடைக்கலைன்னா கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ போதும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தங்கள் வாசத்தைத் திணிக்கும்.

நோன்பு இல்லாத நாளில் 50 மில்லி எண்ணெயும், இறக்கும்போது 2 மேசைக்கரண்டி நிட்டர் கிப்பேயும் போடலாம். நம்ம நெய்யை அப்படியே ஊற்றினா அது ஆகாது. நாம் வெண்ணெயை முருங்கைக்கீரை போட்டு, கசடு சிவக்கும் வரை காய்ச்சுறோம். அங்கே கசடு சிவக்கக்கூடாது.

உப்பில்லாத வெண்ணெய் 500 கிராம். தயிர் கடைஞ்செடுத்த வெண்ணெய் இருந்தா ரொம்ப நல்லது, அங்கேயும் புளிச்ச பாலைக் கடைஞ்சுதான் எடுக்கிறாங்க, அந்த லேசான புளிப்பு வாசம் நெய்யில் நிற்கும். உருகினதும் நுரையை எடுத்துட்டு, நறுக்கின சின்ன வெங்காயம் 4, பூண்டு 3 பல், இஞ்சி சிறு துண்டு, கொரரிமா 1 தேக்கரண்டி, வெந்தயம் ½, மஞ்சள் ¼, கொசெரெட் என்கிற அங்கத்து வாசனை மூலிகையின் காய்ந்த இலை 1 மேசைக்கரண்டி. கொசெரெட் இல்லாதவங்க காய்ந்த ஒரிகனோ 1 தேக்கரண்டி, அங்கே சேர்க்கிற பெசோபெலாவுக்குப் பதில் காய்ந்த திருநீற்றுப்பச்சிலை ஒரு சிட்டிகை. மிகச் சிறு தீயில் 40 நிமிஷம். சலசலப்பு அடங்கி, கசடு வெளிர் நிறத்தில் அடியில் தங்கினதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்க. துணியைப் பிழியாதீங்க, பிழிஞ்சா கசடும் நீரும் இறங்கி நெய் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கீரைக்கட்டு:
குக்கரை விட்டுடணுமா? நேரம் மிச்சம் என்பதால் கேட்கிறேன்.

உலைமூடி:
மைசூர் பருப்புக்கு வேண்டாம். அது எப்படியும் 20, 25 நிமிஷத்தில் வெந்துடும். குக்கரில் முழுசா மசிஞ்சு சாம்பார்ப் பருப்பு மாதிரி ஆகுது, மிசிர் வொட்டில் பருப்பு பாதி கரைஞ்சு பாதி உருத் தெரியணும். அதோட மூடின பாத்திரத்தில் நீர் வற்றாது, அப்புறம் திறந்து வற்ற வைக்க இன்னொரு 15 நிமிஷம். மிச்சம் ஒண்ணும் இல்லை.

குக்கர் உதவுவது பட்டாணிப் பருப்புக்கு. அங்கே அத்தெர் கிக். கிக் என்றால் உடைச்ச பருப்பு. 1 மணி நேரம் ஊற வைத்து, 1 விசில் மட்டும், முக்கால் பதம். பிறகு சட்டியில் சேர்க்கலாம். அதில் காரம் இல்லாத வகைக்குக் கிக் அலிச்சா என்று பேர். பெர்பெரே கிடையாது. 250 கிராம் பருப்புக்கு வெங்காயம் 250, எண்ணெய் 60 மில்லி, பூண்டு 6 பல், இஞ்சி, மஞ்சள் முக்கால் தேக்கரண்டி. வெங்காயம் நிறம் மாறவே கூடாது. இறக்க 5 நிமிஷம் இருக்கும்போது கீறின பச்சைமிளகாய் 2. ஒரே தட்டில் சிவப்பு மிசிர் பக்கத்தில் இந்த மஞ்சள் அலிச்சா இருக்கும்போதுதான் அந்தச் சாப்பாடு நிறைவா இருக்கும், ஒன்றின் காரத்தை மற்றது ஆற்றும்.

நல்லெண்ணெய்:
எங்க பகுதியில் போர் தண்ணி. பட்டாணிப் பருப்பு 1½ மணி நேரம் கொதிச்சும் கல்லா இருக்கு.

மண்சட்டி:
தண்ணியில் இருக்கிற கால்சியம் பருப்பின் செல் சுவரை இறுக்கிடும். குடிக்கிற வடிகட்டின தண்ணியில் ஊற வைத்து, அதே மாதிரித் தண்ணியில் வேகவையுங்க. அதுவும் இல்லைன்னா ஊறுகிற தண்ணியில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, பிறகு நல்லாக் கழுவிடணும். கொதிக்கும்போது சோடா போட்டா சவக்காரச் சுவை வரும். பழைய சரக்கா இருந்தாலும் வேகாது, அதுக்கு வைத்தியம் இல்லை, மாற்றித்தான் வாங்கணும்.

இன்னொன்று. எத்தியோப்பியர்கள் எழுதின செய்முறையில் நேரம் அதிகமா இருக்கிறதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அடிஸ் அபாபா 2300 மீட்டருக்கு மேல் உயரம், அங்கே தண்ணி 92 டிகிரி வாக்கில் கொதிக்கும். அதே பருப்பு சென்னையிலோ கொழும்பிலோ சீக்கிரம் வேகும்.

வெண்ணெய்த்தாழி:
ஷிரோ என்கிற பருப்புமாவுக் குழம்புக்குக் கடலை மாவு போதுமா?

திப்பிலி:
பஜ்ஜி மாவு பச்சைப் பருப்பை அரைச்சது. அதைக் கொதிக்க வைத்தா பச்சை வாடை போக முக்கால் மணி நேரம் ஆகும், அப்பவும் ஷிரோ வாசம் வராது. ஷிரோ மாவு வறுத்த பருப்பில் அரைச்சது, கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை போன்ற பக்கேலா என்று ஊருக்கு ஊர் கலவை மாறும். வீட்டில் பட்டாணிப் பருப்பு 200 கிராம், கடலைப் பருப்பு 100 கிராம், சிறு தீயில் 12 நிமிஷம் வறுத்து, பெர்பெரே 3 மேசைக்கரண்டியோட நைஸா அரைச்சு சலிங்க. குலெட்டில் (வெங்காயம் 200 கிராம் போதும்) 600 மில்லி வெந்நீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைச்சு, 80 கிராம் மாவை ஒரு கையால் தூவி மறு கையால் துடுப்பு போட்டுக்கிட்டே இருக்கணும். கட்டி தட்டினா வடிகட்டத்தான் வேணும். பிறகு 20 நிமிஷம், குமிழி வெடிச்சுத் தெறிக்கும், மூடியைச் சாய்ச்சு வையுங்க.

யாழ்_அடுக்களை:
அவையின்ர புளிச்ச மாவு ரொட்டி இஞ்சேரா இல்லாமல் என்னத்தோட சாப்பிடுறது? அப்பத்தோட?

உலைமூடி:
இஞ்சேரா சுடுகிற டெஃப் என்கிற சிறுதானிய மாவு கிடைச்சா அதுவே. இல்லைன்னா நல்லாப் புளிச்ச தோசைமாவை கனமா ஊற்றி, எண்ணெய் இல்லாமல், மூடி போட்டு ஒரு பக்கம் மட்டும் சுடுங்க, திருப்பக்கூடாது. தேங்காய்ப்பால் அப்பத்தின் இனிப்பு பெர்பெரேயோட சேராது.

நல்லெண்ணெய்:
30 பேருக்கு 2 கிலோ பருப்பு. எல்லாத்தையும் 8 மடங்கு ஆக்கணுமா?

மண்சட்டி:
வெங்காயம் 4 கிலோ, அதில் குறைக்கக்கூடாது. எண்ணெய் 450 மில்லி போதும். பெர்பெரே 18 மேசைக்கரண்டியில் ஆரம்பிச்சு ருசி பார்த்துக் கூட்டுங்க. தண்ணி 6 லிட்டர்தான் முதலில், பெரிய பாத்திரத்தில் ஆவி குறைவாப் போகும். வெங்காயத்தை 2 அகலமான சட்டியில் பிரிச்சு வதக்குங்க. ஒரே அண்டாவில் குவிச்சா மணிக்கணக்கில் நீராவே நிற்கும். குலெட்டை முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துக்கலாம். ருசி குறையாது, கூடத்தான் செய்யும்.

கீரைக்கட்டு:
சொன்ன அளவிலேயே செய்தாச்சு. குலெட்டுக்கு மொத்தம் 50 நிமிஷம். கசப்பு இல்லை, கமறல் இல்லை. நிறம் ஆழ்ந்த சிவப்பு. ஒரே சந்தேகம், முடிவில் மேலே எண்ணெய் பிரிஞ்சு நிற்கலை. பெர்பெரே வெந்தப்போ பிரிஞ்சது, பருப்பு போட்டதும் காணாமப் போச்சு.

மண்சட்டி:
அப்படித்தான் இருக்கணும். பருப்பின் மாவு எண்ணெயைப் பிடிச்சுக்கும். அதனால்தான் பருப்பு போகிறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்னு சொன்னது. நாளைக்குச் சூடு பண்ணும்போது கால் கப் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் துழாவுங்க, ஆறினதும் களி மாதிரி இறுகியிருக்கும். அப்போ ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் வரும்.